மயில்நீலப் பெருக்கல் குறி

வாக்களிப்பு ரகசியமானது என்று அயர்லாந்தின் சட்டப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. எழுதியவர்கள் மலாக்கி டான்ஸியைப் பார்த்ததில்லை போலும். முப்பத்தாறு வருடமாக, வாக்கு எண்ணும் கூடத்தின் கட்டைத் தடுப்பில் வயிற்றை அழுத்திக்கொண்டு நிற்பவர் அவர். அந்தப் பக்கம் அதிகாரிகள் பெட்டியைக் கவிழ்த்து, சீட்டுகளை முகம் தெரிய விரித்து அடுக்குவார்கள். இந்தப் பக்கம் நிற்கும் கட்சிக்காரர்கள் ஒவ்வொரு சீட்டையும் எட்டிப் பார்த்து அட்டையில் கோடு கிழித்துக்கொண்டே போவார்கள். இதற்கு டாலி என்று பெயர். அதிகாரிகள் முடிவை அறிவிக்கச் சாயங்காலம் ஆகும். டாலிக்காரர்கள் பதினொரு மணிக்கே, எந்த ஊர்ப் பெட்டியில் எது எத்தனை என்று சொல்லிவிடுவார்கள்.

டெரிமோர் பள்ளிக்கூடத்துப் பெட்டி மலாக்கியின் சொந்த ஊர்ப் பெட்டி. இருநூறு சீட்டுக்கு மேல் அதில் விழுந்ததாகச் சரித்திரம் இல்லை. எந்த வீட்டில் அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை என்பதைக்கூட அந்தப் பெட்டி அவருக்குச் சொல்லிவிடும். ஆனால் தடுப்பில் பார்த்தது தடுப்போடு போயிற்று. மனைவி அட்ராக்டாவிடம்கூட மூச்சு விட மாட்டார். மற்ற விஷயங்களிலும் மனுஷர் அப்படித்தான். வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரியே அறுபத்தாறு வயதுவரை வாழ்ந்துவிட்டார். அதுதான் வினையாகப் போயிற்று.

இரண்டாயிரத்துப் பதினைந்து மே மாதம், ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் திருமணம் செய்துகொள்ளலாமா என்று அரசாங்கம் மக்களையே கேட்டது. நாட்டுக்கு அது பொது வாக்கெடுப்பு. டான்ஸி வீட்டுக்கு அது ஓர்லா. ஒரே மகள், முப்பத்திரண்டு வயது, டப்ளினில் பல் மருத்துவர். க்ளோடா என்ற பெண்ணோடு ஐந்து வருடமாகச் சேர்ந்து வாழ்கிறாள்.

தனக்குப் பெண்கள்மேல்தான் விருப்பம் என்பதை ஓர்லா ஆறு வருடத்துக்கு முன்னால் சமையலறையில் வைத்துச் சொன்னபோது, அட்ராக்டா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நீ என் பிள்ளைடி, அது போதும்" என்றாள். மலாக்கி, "மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அன்றைக்கு மாடுகளுக்கு மூன்று தடவை தண்ணீர் காட்டினார். அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, மகளும் அவரிடம் எடுக்கவில்லை. க்ளோடா முதல்முறை வந்தபோது, கேட்காமலே அவள் காருக்கு எண்ணெய் மாற்றிக் கொடுத்தார். அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

ஓட்டு நாளன்று ஓர்லா மத்தியானம் வந்து இறங்கினாள். டப்ளினில் வீடு வாங்கியும் அவள் பெயர் இன்னும் டெரிமோர் பட்டியலில்தான் இருக்கிறது. அதை எடுக்க அட்ராக்டா விட்டதே இல்லை.

மலாக்கி காலை ஏழு மணிக்கே, கதவு திறந்ததும் முதல் ஆளாக ஓட்டுப் போட்டுவிட்டு வந்திருந்தார். எப்போதும் அப்படித்தான்.

"அம்மா, உன் ஓட்டு?" என்றாள் ஓர்லா, பையைக்கூடக் கீழே வைக்காமல்.

"இதுல கேக்க என்னடி இருக்கு? உனக்குத்தான்."

"அப்பா, நீங்க?"

"உன் வண்டி முன் சக்கரத்துல காத்து கம்மியா இருக்கு" என்றார் மலாக்கி. பம்பைத் தேடிக்கொண்டு வெளியே போனார்.

ஜன்னல் திறந்திருந்தது. மகள் பேசியது அவருக்குக் கேட்கட்டும் என்றே பேசியதா, தெரியவில்லை. "சட்டம் வந்தா நவம்பர், டிசம்பர்ல கல்யாணம்மா. அப்பாதான் என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வரணும்னு எனக்கு ஆசை. சின்ன வயசுலேர்ந்து ஆசை. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். இல்லைன்னு ஓட்டுப் போட்ட கையை நான் பிடிக்க மாட்டேன்."

"அவர் போட்டிருக்க மாட்டாருடி."

"அதை அவர் வாயால சொல்லச் சொல்லு பாப்போம்."

மலாக்கி டயரின் பக்கத்தில் குந்தியபடி கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்துபோய்ச் சொல்லியிருக்கலாம். அவர் 'ஆம்' என்றுதான் போட்டிருந்தார். ஆனால் அதைச் சொன்னால் காரணத்தையும் சொல்ல வேண்டும். மார்ச் மாதம் மாட்டுச் சந்தையில் ஒருத்தன் இந்த மாதிரிப் பெண்களைப் பற்றிக் கேவலமாக ஒரு ஜோக் அடித்தான். சுற்றி நின்ற எட்டுப் பேர் சிரித்தார்கள். எட்டில் ஒருவர் மலாக்கி. வீடு வரும் வழியெல்லாம் அந்தச் சிரிப்பு தொண்டையில் முள்ளாக நின்றது. அதை எடுக்கத்தான் காலை ஏழு மணிக்குப் போனார். எடுத்ததோடு சரி, வெளியே சொல்ல வெட்கம்.

நாலு மணிக்கு அம்மாவும் மகளும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினார்கள். அட்ராக்டா மறக்காமல் தன் மைப்பேனாவைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"பெருக்கல் குறி போட அங்கயே பென்சில் கட்டி வெச்சிருப்பாங்கம்மா."

"பென்சில்ல போட்டதை ரப்பர் வெச்சு அழிச்சிருவாங்கன்னு எங்கப்பா சொல்வாரு. நீ படிச்சவ, உனக்குத் தெரியாது."

அந்தப் பேனாவில் அவள் ஊற்றுவது மயில்நீல மை. ஸ்லைகோ நகரத்தில் ஒரே கடையில்தான் கிடைக்கும். தபால் நிலையத்தில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்தவள். எழுத்து முத்து முத்தாக இருக்கும். எந்த ஞாயிறு யார் பீடத்தைப் பூவால் அலங்கரிப்பது என்று தேவாலயக் கதவில் ஒட்டும் பட்டியல் அந்த மைதான். பாதி ஊருக்குப் போகும் பிறந்தநாள் அட்டைகளும் அந்த மைதான். அட்டையின் அடியில், பெயருக்குக் கீழே, மூன்று பெருக்கல் குறி போடுவாள். அங்கே அதற்கு முத்தம் என்று அர்த்தம். அவள் போடும் பெருக்கலில் ஒரு கால் நேராக நிற்கும், இன்னொரு கால் நாய்க்குட்டி வால்போல நுனியில் சுருளும். ஓர்லா கல்லூரி விடுதியில் இருந்தபோது அந்த முத்தங்களைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டியிருந்தாள்.

இருவரும் கையைக் கோத்தபடியே திரும்பி வந்தார்கள். ஓர்லாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

மறுநாள் சனிக்கிழமை. மலாக்கி வழக்கம்போல ஒன்பது மணிக்கு எண்ணும் கூடத்தில் தடுப்பைப் பிடித்துவிட்டார். பக்கத்தில் பேக்கி கிரெக். முப்பது வருடமாக எதிர்க்கட்சிக்கு டாலி போடுகிறவர், டெரிமோரில் இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவர். தேர்தல் என்றால் இருவரும் கீரியும் பாம்பும். இந்தத் தடவை இரண்டு கட்சியும் ஒரே பக்கம் என்பதால், கோடு போடுவதைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். பேக்கிக்கு 'ஆம்', மலாக்கிக்கு 'இல்லை'.

அன்றைக்கு இன்னொரு கேள்வியும் இருந்தது. ஜனாதிபதி ஆவதற்கு இனி இருபத்தொரு வயது போதுமா என்று. அந்தச் சீட்டுகளைத் தனியாகப் பிரித்து ஒதுக்கினார்கள்.

"இருபத்தொரு வயசுல ஜனாதிபதியாமே!" என்றார் பேக்கி. "எங்க வீட்ல ஒருத்தன் இருக்கான், இருபத்தாறு ஆச்சு. அவன் சாக்ஸை இன்னும் அவங்கம்மாதான் ஜோடி சேக்குறா."

"நிக்க வெச்சுப் பாரு. பொண்டாட்டி ஓட்டாவது விழும்."

"பொண்டாட்டி இருந்தா சாக்ஸ் பிரச்சினையே இல்லையே மலாக்கி."

டெரிமோர் பெட்டி பத்தே காலுக்குத் திறந்தது. எண்ணுகிற பெண் வேகமாக விரித்தாள். ஆம், ஆம், இல்லை, ஆம், இல்லை, இல்லை. மலாக்கியின் கை தன்பாட்டுக்குக் கோடு கிழித்தது. ஐந்துக்கு ஒரு குறுக்குக் கோடு. எல்லாம் பென்சில், மங்கல் சாம்பல் நிறம். பாதி தாண்டியிருக்கும். ஒரு சீட்டு விரிந்தது.

மயில்நீலம்.

ஒரு கால் நேர். ஒரு கால் சுருள். இருந்தது 'இல்லை'க்கு எதிரே உள்ள கட்டத்தில்.

மலாக்கியின் பென்சில் நின்றது. அந்தப் பெண் அடுத்த சீட்டை அதன்மேல் வைத்துவிட்டாள். அதற்கடுத்ததும் வந்துவிட்டது. முப்பத்தாறு வருடத்தில் முதல் தடவையாக அவர் கணக்கைத் தவறவிட்டார். நேற்று சாயங்காலம் கையைக் கோத்துக்கொண்டு வந்த இரண்டு பேர்தான் கண்ணுக்குள் நின்றார்கள்.

பேக்கி சத்தமில்லாமல் மலாக்கியின் அட்டையை இழுத்து, விட்டுப்போன மூன்று கோட்டையும் தானே போட்டார். பேக்கியின் மனைவிக்கு எந்த ஞாயிறு பூ வைக்கும் முறை என்பதை அந்த நீல எழுத்துதான் இருபது வருடமாகச் சொல்லிவருகிறது.

"மலாக்கி, இன்னைக்குன்னு பாத்துக் கண்ணாடியை வீட்லயே வெச்சுட்டு வந்துட்டேன். எதுவுமே சரியாத் தெரியல" என்றார் பேக்கி. கண்ணாடி அவர் மூக்கின்மேல்தான் இருந்தது.

ஆம் தொண்ணூற்றெட்டு. இல்லை நூறு.

மத்தியானத்துக்குள் நாடு முழுக்க 'ஆம்' என்பது தெரிந்துபோயிற்று. எல்லாத் தொகுதியும் ஆம், ஒன்றைத் தவிர. அந்த ஒன்று ரோஸ்காமன். டெரிமோர் இருக்கும் அவர்களுடைய ரோஸ்காமன்தான்.

மலாக்கி வீட்டுக்கு வந்தபோது வானொலி அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. ஓர்லா டப்ளின் கொண்டாட்டத்துக்குப் போக மஞ்சள் சட்டை போட்டுத் தயாராக நின்றாள். சந்தோஷம்தான், ஆனால் சொந்த வீட்டு வாசலில் வழுக்கி விழுந்த ஆளின் சந்தோஷம்.

"நம்ம பெட்டி எப்படிப்பா?"

பொய் சொல்ல முடியாது. சாயங்காலத்துக்குள் உள்ளூர் வானொலியில் பெட்டி வாரியாக வாசித்துவிடுவார்கள். "ஆம் தொண்ணூத்தெட்டு. இல்லை நூறு."

ஓர்லா ஒரு கணம்தான் யோசித்தாள். "ஒரே ஒரு ஆளு. ஒரு ஆளு மாத்திப் போட்டிருந்தா தொண்ணூத்தொம்பதுக்குத் தொண்ணூத்தொம்பது. என் ஊரு பாதியாவது என் பக்கம் நின்னுச்சுன்னு சொல்லிட்டுப் போயிருப்பேன்." நேராக அவர் முகத்தைப் பார்த்தாள். "அப்பா, அந்த ஆளு நீங்கதானா?"

அட்ராக்டா தொட்டியருகே முதுகைக் காட்டி நின்று உருளைக்கிழங்கு கழுவிக்கொண்டிருந்தாள். கிழங்கு எப்போதோ சுத்தமாகிவிட்டது. தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த முதுகை மலாக்கி பார்த்தார். தான் இல்லை என்று சொன்னால் மகளின் கண் அடுத்து எங்கே போகும் என்று அவருக்குத் தெரியும். ஆறு வருடமாக இந்தப் பெண்ணுக்கு வீட்டில் முழுசாக இருந்தது ஓர் ஆள்தான். அந்த ஒன்றையும் பிடுங்கினால் அவள் எதற்கு இங்கே வருவாள்?

"ஆமா" என்றார்.

இந்த விஷயத்தில் மகளிடம் வாய் திறந்து அவர் சொன்ன முதல் 'ஆம்' அதுதான்.

ஓர்லா கத்தியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் கத்தவில்லை. "நேர்மையாச் சொன்னீங்களே, அதுக்கு தேங்க்ஸ்" என்றாள். பிறகு அம்மாவிடம் போய்ப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். "நீயே என்கூட நடந்து வாம்மா. அவர் வேணாம்."

அட்ராக்டா ஈரக் கையை இரண்டு பக்கமும் விரித்து வைத்துக்கொண்டு கம்பம் மாதிரி நின்றாள். பதிலுக்கு மகளைத் தொடவில்லை.

கார் சத்தம் அடங்கியதும் அவள் குழாயை மூடினாள். "ஏன் அப்படிச் சொன்ன?"

"நீ ஏன் அப்படிப் போட்ட?"

அவள் திரும்பவில்லை. "எப்படித் தெரியும்?" என்றாள்.

"டெரிமோர்ல மைப்பேனா கொண்டு போறவ எத்தனை பேரு இருக்கா, அட்ராக்டா?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஆம்னு போடத்தான் போனேன். சத்தியமா. மூடியைக் கூடத் திறந்துட்டேன். பக்கத்து மறைப்புல அவ செருப்பு தெரிஞ்சுது. அப்பத் திடீர்னு தோணிச்சு. நாப்பது வருஷமா ஞாயித்துக்கிழமை சர்ச்சுல முட்டி போட்டு, இதெல்லாம் பாவம்னு ஒத்துக்கிட்டேனே, அதுக்கு யாரு பதில் சொல்றது? இவளுக்கு என் வார்த்தையைக் குடுத்தாச்சு, ஆண்டவருக்கு என் ஓட்டையாவது குடுப்போம்னு போட்டுட்டேன். எப்படியும் ஜெயிச்சிரும்னு எல்லாரும் சொன்னாங்க. ஒரு ஓட்டுல என்ன ஆயிரப் போகுது, யாருக்குத் தெரியப் போகுதுன்னு..."

ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடும் என்று அவள் கேட்டது யாரிடம்? முப்பத்தாறு வருடம் ஒவ்வொரு ஓட்டுக்கும் ஒரு கோடு கிழித்த மனுஷரிடம். அவருக்குக் கோபம் பொங்கியது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவளைத் திட்ட இவருக்கு என்ன யோக்கியதை? சொன்னவள் போடவில்லை. போட்டவர் சொல்லவில்லை. நடுவில் பிள்ளை மாட்டிக்கொண்டது.

"நீ எதுக்குப் போட்ட?" என்று அட்ராக்டா கேட்டாள்.

அவர் சொன்னார். மாட்டுச் சந்தைச் சிரிப்பையும் சேர்த்தே சொன்னார். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் அவகிட்ட சொல்லிடறேன்" என்றாள்.

"வேண்டாம். கல்யாணம் முடியட்டும்."

அடுத்த வாரம் முழுக்க ஓர்லா தினமும் அம்மாவோடு தொலைபேசியில் பேசினாள். என்ன நிறத்தில் உடுத்துவது, தொப்பி வைப்பதா வேண்டாமா என்று. அட்ராக்டா "சரிடி, சரிடி" என்பாள். பேசி முடித்ததும் தோட்டத்துப் பக்கம் போய் நின்றுகொள்வாள். தேவாலயப் பூப் பட்டியலைப் பென்சிலில் எழுதி ஒட்டினாள். ஊருக்கு அது ஆச்சரியமாக இருந்தது. பேக்கி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.

ஜூன் பத்தொன்பது ஓர்லாவின் பிறந்தநாள். மூன்று நாள் முன்னால் அட்ராக்டா அட்டையை எடுத்து வைத்து, வெகு நாள் கழித்துப் பேனாவைத் திறந்தாள். வாழ்த்து எழுதினாள். 'அன்புடன் அம்மா' என்று எழுதினாள். அடியில் வந்து கை நின்றுவிட்டது. மலாக்கி எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பேனா முனை தாளுக்கு ஒரு நூல் மேலே தொங்கியது. ஒரு சொட்டு மை விழுந்து பரவியது.

"முத்தம் போடலையா?"

"கை வரல மலாக்கி. அதே குறி."

அப்படியே உறைக்குள் போட்டு ஒட்டி அனுப்பிவிட்டாள்.

பிறந்தநாளன்று பன்னிரண்டு மணிக்குத் தொலைபேசி அடித்தது. ஓர்லாவின் குரல் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மலாக்கிக்கும் தெளிவாகக் கேட்டது.

"அம்மா, உனக்கு உடம்பு சரியில்லையா?"

"ஏண்டி?"

"அட்டையில முத்தம் இல்லையேம்மா. முப்பத்து மூணு வருஷத்துல ஒரு தடவை கூட நீ மறந்ததில்ல. பெரிய மைச் சொட்டு ஒண்ணு இருக்கு. க்ளோடா பயந்துட்டா, கை கால் விழுந்திருக்குமோன்னு. என்னம்மா ஆச்சு?"

அட்ராக்டா மலாக்கியைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அந்த நூறுல ஒண்ணு என்னோடதுடி" என்றாள்.

கண்ணைத் திறக்காமலே மேலே சொன்னாள்.

"உங்கப்பா இல்ல. நான். உன் பக்கத்துல நின்னுக்கிட்டே. உன் கையைப் பிடிச்சுட்டு வெளிய வந்தேன் பாரு, அதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி. உங்கப்பா உனக்காகத்தான் பொய் சொன்னாரு, உனக்கு நானாவது மிஞ்சட்டும்னு. ஓர்லா? கேக்குதாடி?"

"அப்பா அங்க இருக்காரா?" என்று குரல் வந்தது.

அட்ராக்டா தொலைபேசியை நீட்டினாள். வாங்கும்போது அது ஈரமாக இருந்தது.

"அப்பா. நீ எதுக்குப் போட்ட?"

"அது வந்து... வண்டிக்குக் காத்து..."

"வண்டியை விடுப்பா! எதுக்குப் போட்ட? வாயைத் திறந்து சொல்லு."

மலாக்கி தொண்டையைச் செருமினார். மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆம்னுதான் போட்டேன்."

"இன்னொரு தடவை சொல்லு."

"ஆம்."

மகள் அழுகிற சத்தம் கேட்டது. இவருக்கும் முட்டிக்கொண்டு வந்தது. அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று தெரியாமல், "கல்யாணத்துக்கு நான் வரேன்மா. கூப்பிட்டா வரேன்" என்றார்.

"நீ வா. கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போ" என்றாள் ஓர்லா. மூக்கை உறிஞ்சினாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் அட்ராக்டா தொலைபேசியைத் திரும்ப வாங்கக் கையை நீட்டிக் காத்திருந்தாள். விரல் நுனியில் மூன்று நாள் பழைய நீல மை இன்னும் போகவில்லை.

"அம்மாகிட்ட..." என்று மலாக்கி ஆரம்பித்தார்.

"குடுக்காதப்பா" என்றாள் ஓர்லா. "இன்னைக்கு வேணாம்." வைத்துவிட்டாள்.

அவர் தொலைபேசியை மெல்ல மேசையில் வைத்தார். அட்ராக்டாவின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.

"என்ன சொன்னா?" என்றாள்.

இன்னொரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னைக்கு வேணாமாம்" என்றார்.